ஒட்ட வெட்டினால் புல்லுக்கு என்ன நடக்கிறது?

யாழ்ப்பாணத்தில் புல்லு வெட்டுகிற மெசினோடு வருபவர் கேற்றுக்குள் கால் வைத்ததும் கேட்பது, “ஒட்ட வெட்டிவிடட்டோ அக்கா?” என்றுதான். “ஓம் தம்பி, நல்லா ஒட்ட வெட்டிவிடுங்கோ, ஒரு மாசத்துக்குப் பாக்கத் தேவையில்லை” என்று நாங்களும் சொல்லிவிடுகிறோம். வெட்டி முடிந்ததும் வளவு துப்புரவாகத்தான் தெரியும். கொஞ்ச நாளில் அங்கங்கே மஞ்சள் திட்டு விழும். ஒரு மாதம் போனால் புல்லைவிட நெருஞ்சியும் கோரையும் கூடி நிற்கும். அப்போது பழி மண்ணுக்குப் போகும், கிணற்றுத் தண்ணீர் சவர் என்று பேச்சு வரும், கடையில் யூரியா வாங்கப்படும். வெட்டிய விதத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

எங்கள் ஊரில் புல் என்பது உழவாரத்தால் செருக்கிப் போட வேண்டிய ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது. வெங்காயத் தறையிலும் புகையிலைத் தோட்டத்திலும் அது களை. வீட்டு முற்றம் என்றால் விளக்குமாற்றால் கூட்டிய வெறும் மண். புல்லை விரும்பி வளர்த்து, வெட்டிப் பராமரிக்கிற வழக்கம் வீடுகளுக்குப் பிந்தி வந்தது. ஆகவே களை அழிக்கிற கையோடுதான் புல்தரைக்கும் போகிறோம். அழிப்பதற்கு வெட்டுவதும் வளர்ப்பதற்கு வெட்டுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலை எப்படி என்பதைப் புல்லின் உடம்பிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

தலைமயிரும் புல்லும்

புல்லை நாங்கள் தலைமயிர் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். மொட்டையடித்தால் மயிர் அடர்த்தியாக வரும் என்று பிள்ளைகளுக்குச் செய்வதுபோல, ஒட்ட வெட்டினால் புல்லும் அடர்ந்து வரும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. மயிர் விஷயத்திலேயே அது சரியில்லை. மயிர் தோலுக்கு அடியில் உருவாகிறது. அதற்குச் சாப்பாடு இரத்தத்திலிருந்து போகிறது. வெளியே தெரிகிற மயிரில் உயிர் இல்லை. முழுக்க வழித்தாலும் அடியில் இருக்கிற வேருக்கு ஒரு குறையும் வராது.

புல்லில் இது அப்படியே தலைகீழ். அங்கே மேலே இருக்கிற பச்சை இலைதான் கீழே இருக்கிற வேருக்குச் சோறு போடுகிறது. வெயில், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு, வேர் எடுத்துத் தருகிற தண்ணீர் ஆகியவற்றை வைத்து இலை வெல்லம் செய்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை ஒளித்தொகுப்பு என்று படித்திருப்போம். செய்த வெல்லத்தில் ஒரு பங்கு புது இலைக்குப் போகும், ஒரு பங்கு வேருக்குப் போகும், மிஞ்சியது தண்டின் அடியில் சேமிப்பாக இருக்கும்.

இப்போது இலையில் பெரும்பகுதியை ஒரே நாளில் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வரவு நின்றுபோகும். புல் சேமிப்பில் கை வைத்து முதலில் இலையைத் திருப்பி வளர்க்கப் பார்க்கும். இலை இல்லாமல் வேறு எதுவும் நடக்காது என்பதால் வேருக்குப் போகிற பங்கை நிறுத்திவிடும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1955இல் வெளியிட்ட கிரைடர் என்பவரின் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவர் பல புல்லினங்களை வெவ்வேறு அளவில் வெட்டி வேர்களைக் கவனித்தார். இலையில் பாதி அல்லது அதற்கு மேல் ஒரே தடவையில் போனபோது, பெரும்பாலான இனங்களில் வேர் வளர்ச்சி நின்றது. வெட்டு கூடக் கூட, நின்றுபோன வேர்களும் கூடின, நின்றிருந்த நாட்களும் கூடின.

ஒட்ட வெட்டிய புல் சில நாளில் விறுவிறு என்று பச்சை காட்டுவதைப் பார்த்து, பாருங்கள் நன்றாக வருகிறது என்று சந்தோஷப்படுகிறோம். அந்த அவசர வளர்ச்சி சேமிப்பைக் கரைத்து வந்தது. அடுத்த மாதமும் அப்படியே வெட்டினால் கரைக்கச் சேமிப்பு குறைவாக இருக்கும். அதற்கடுத்த மாதம் இன்னும் குறைவு. மஞ்சள் திட்டுகள் அங்கே தொடங்குகின்றன.

வெட்ட வெட்ட எப்படி வளர்கிறது?

இலையைப் பாதி வெட்டினால் கத்தரியும் மிளகாயும் புது இலை விட்டுத்தான் பிழைக்க வேண்டும். புல்லோ, வெட்டுப்பட்ட அதே இலையையே நீட்டக்கூடியது. காரணம், அது நுனியில் வளர்வதில்லை, அடியில் வளர்கிறது.

ஒரு அறுகம்புல்லைக் கையில் எடுத்து, இலை தண்டைச் சுற்றி மூடியிருக்கும் உறையை மெல்ல உரித்துப் பாருங்கள். உள்ளே போகப் போகப் பச்சை வெளுத்து, மிகவும் மெதுவான வெளிர்ப் பகுதி வரும். நகத்தால் அழுத்தினால் நசிந்துவிடும். புது இலை பிறக்கும் அந்த இடத்தைக் குருத்து என்போம். அங்கேயும், ஒவ்வொரு இலையின் அடியிலும், ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கிற கலங்கள் இருக்கின்றன. தாவரவியலில் அதற்குப் பெயர் பிரியிழையம். ஆடு நுனியைக் கடித்தாலும் மெசின் நுனியை வெட்டினாலும் இந்த இழையம் மண்ணை ஒட்டிப் பத்திரமாக இருக்கிறபடியால் இலை கீழிருந்து தள்ளப்பட்டு மேலே வரும். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் வெட்டுப்பட்ட தட்டை நுனி, விட்ட உயரத்திலிருந்து மேலே போயிருப்பது கண்ணுக்கே தெரியும்.

ஆனால் புல் நீண்ட நாள் வெட்டப்படாமல் இருந்தால் தண்டு நீண்டு, குருத்தும் அதோடு மேலே ஏறிவிடும். பச்சை இலை எல்லாம் மேல்பாதியில் இருக்கும். அடிப்பாதி வெயில் படாத வெறும் தண்டு, வைக்கோல் நிறத்தில். அந்த நேரத்தில் ஒட்ட வெட்டினால் இலையும் போகும், குருத்தும் போகும், மிஞ்சுவது தண்டுக்கட்டை மட்டும். வெட்டி முடித்த தரை மண்ணிறமாகத் தெரிவது இதனால்தான். இனிக் கணுக்களிலிருந்து புதிதாக முளைத்தால்தான் உண்டு. இதற்குள் மண்ணில் வெயில் நேரே விழுகிறது. வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடந்த களைவிதைகள் முளைக்கின்றன. கோரைக்கு நிலத்துக்குள் கிழங்கு இருக்கிறது, மேலே எவ்வளவு வெட்டினாலும் அது அசையாது. ஒட்ட வெட்டுவதில் தோற்பது புல், வெல்வது கோரை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இலை வேரை வளர்க்கிறது, வளர்ச்சி அடியிலிருந்து வருகிறது. ஆகவே வெட்டி எடுத்தது எவ்வளவு என்பதைவிட, விட்டுவைத்தது எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு

நடைமுறைக்கு ஒரேயொரு கணக்குப் போதும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. பாதிக்கு மேல் போனால்தான் வேர் நிற்கிறது என்றால் ஏன் மூன்றில் ஒன்று என்று கேட்கலாம். தரை எங்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, மெசினும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். அதற்கு ஒரு விட்டுக்கொடுப்பு வேண்டும்.

இரண்டு அங்குலத்தில் வைத்திருக்க விருப்பமா, மூன்று அங்குலம் வந்ததும் வெட்டுங்கள். ஒன்றரை அங்குலம் வேண்டுமென்றால் இரண்டேகாலில் வெட்டுங்கள். பிள்ளைகளின் அடிமட்டத்தை மண்ணில் நிறுத்திப் பார்த்தால் சரி. இந்தக் கணக்கில் நாட்காட்டிக்கு இடமில்லை. “மாதம் ஒருக்கால்” என்று பேசி வைப்பதுதான் பிழையின் பெரும்பங்கு. மாரியில் கிழமைக்கு ஒருக்கால் தேவைப்படலாம், கோடையில் ஒன்றரை மாதம் தொடாமலே விடலாம்.

கிரிக்கெட் மைதானத்தில் ஒட்ட வெட்டுகிறார்களே என்று ஒரு கேள்வி வரும். மார்ச் மாதத்தில் வடக்கின் பெருஞ்சமர் என்கிற பள்ளிக்கூடக் கிரிக்கெட் போட்டி பார்க்கப் போகிற எவருக்கும் அது தோன்றக்கூடியது. அங்கே புல்லைத் தாழ்வாகவே பழக்கி, அடிக்கடி வெட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் போவது சிறு நுனிதான். அறுகு அப்படிப் பழகக்கூடிய இனம். தாழ்வாக வைத்தால் படர்ந்து, சின்னச் சின்ன இலைகளைத் தரையோடு விடும். நான்கு அங்குலம் வளரவிட்டு ஒரே வெட்டில் அரை அங்குலத்துக்கு இறக்குவதை அதோடு ஒப்பிட முடியாது. மைதானத்துக்கு ஆளும் தண்ணீரும் தினமும் வேண்டும். வீட்டு வளவுக்கு அது கட்டாது.

மழைக்காலத்தில் கைவிட்டு, புல் ஒன்பது அங்குலம் வளர்ந்து கிடக்கிறது என்று வைப்போம். முதலில் ஆறுக்கு இறக்குங்கள். நாலைந்து நாள் விட்டு நாலுக்கு. அப்புறம் மூன்றுக்குக் கிட்ட, பிறகு இரண்டு. தள்ளுகிற மெசினில் ஆறு அங்குலம் வைக்க முடியாது, ஆகவே முதல் வெட்டுக்குத் தோளில் மாட்டுகிற மெசின்தான் சரி. நாலு தடவை வேலையா என்று சலிப்பு வரலாம். ஒரே நாளில் இறக்கிவிட்டு ஆறு மாதம் திட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

எந்தப் புல், எந்த உயரம்

எங்கள் வளவுகளில் தானாக வருவது அறுகு. மண்ணுக்கு மேலே ஓடுகிற தண்டும், மண்ணுக்குள் ஓடுகிற தண்டும் இரண்டும் அதற்கு உண்டு. வெயிலில் நன்றாக வரும், மர நிழலில் வராது. ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வைத்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். அகன்ற இலையோடு, காசு கொடுத்து வாங்கிப் பதிக்கிற மலேசியன் புல் மண்ணுக்கு மேலே மட்டும் படர்வது. வறட்சியை அறுகு அளவுக்குத் தாங்காது, ஆனால் கொஞ்சம் நிழலிலும் வரும். அதற்கு இரண்டு அங்குலம், மாமரத்துக்குக் கீழே என்றால் இரண்டரை. நிழலில் வெளிச்சம் குறைவு, குறைந்த வெளிச்சத்தைப் பிடிக்க இலை கூட வேண்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் தங்கள் வீட்டுப் புல்லைப் பற்றிச் சொல்லும் அறிவுரையை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே பெரும்பாலும் வளர்வது குளிர்நிலப் புல். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வேகமாக வளரும், கடும் வெயிலில் சோரும், இன்னும் உயரமாக வைக்க வேண்டியது. மூன்றில் ஒரு பங்குக் கணக்கு இரண்டுக்கும் பொது. அங்குலமும் மாதமும் வேறு.

மாரியும் சோளகமும்

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வற்றாத ஆறு ஒன்றும் எங்களுக்கு இல்லை. பெயருக்கு இருக்கிற வழுக்கியாறும் மழைக்கு மட்டும் ஓடுவது. மிச்ச மாதங்களுக்குக் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் இருப்பது, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்கிய நிலத்தடி நீர். அளவுக்கு மீறி இறைத்தால் கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறும். இப்படியான ஊரில் புல்லுக்கு ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் யோசித்து ஊற்ற வேண்டியது. புல்வெட்டுப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணமும் இதுதான். ஒட்ட வெட்டிய புல்லின் வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும். மேல்மண் முதலில் காயும். அதனால் தினமும் தண்ணீர் கேட்கும். உயரமாக விட்ட புல்லின் வேர் ஆழம் போகும், இலை மண்ணுக்கு நிழல் போடும், நாலைந்து நாளுக்கு ஒருக்கால் ஆழமாக ஊற்றினால் சமாளிக்கும்.

மாரியில் பிரச்சினை வேறு. புல் வேகமாக வளரும், தரையோ ஈரம். ஈரப் புல் அலகில் சாய்ந்து வழுகும், சீராக வெட்டுப்படாது, கட்டி கட்டியாக விழும். சில்லும் காலும் நனைந்த மண்ணை அமுக்கி இறுக்கிவிடும். எங்கள் செம்மண் ஒருமுறை இறுகினால் காய்ந்த பிறகு சீமெந்து மாதிரி. பூஞ்சண நோய் இருந்தால் ஈரத்தில் மெசினோடு சேர்ந்து பரவும். மழை விட்டு ஒரு நாள் வெயில் அடிக்கட்டும். அதுவரை கால் அங்குலம் கூட வளர்ந்தால் குற்றமில்லை, உயரத்தை ஒரு படி ஏற்றி வைத்து வெட்டலாம். வெட்டுகிற நாளில் காலைப் பனி காய்ந்த பிறகு, அல்லது பின்னேரம் நாலு மணிக்கு மேல் நல்லது. உச்சி வெயிலில் புதுக் காயத்தோடு நிற்கும் இலை நீரை விரைவாக இழக்கும். வெட்டுகிறவருக்கும் அந்த வெயில் ஆகாது.

மே மாதத்தில் சோளகம் வீசத் தொடங்கினால் காற்றே ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் உயரத்தை அரை அங்குலம் கூட்டுங்கள். புல் வளர்வதை நிறுத்தினால் வெட்டுவதையும் நிறுத்துங்கள். அறுகு பழுப்பாகிப் போனதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பலர் கொத்தி எடுத்துவிடுகிறார்கள். மேலே இலை காய்ந்தாலும் மண்ணுக்குள் ஓடுகிற தண்டு உயிரோடு உறங்கும். இதை உறங்குநிலை என்பார்கள். மழை வந்தால் அதிலிருந்தே திரும்ப வரும். அந்த நேரத்தில் வெட்டுவதும் மிதிப்பதும்தான் உண்மையில் கொல்லும்.

ஆக, வளரும்போது அடிக்கடி, காயும்போது உயரமாக, உறங்கும்போது தொடாமல்.

மெசினும் அலகும்

புல்வெட்டும் இயந்திரத்தை 1830இல் இங்கிலாந்தின் ஸ்ரவுட் நகரில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கினார். கம்பளித் துணியின் மேல் நிற்கும் நுண்ணிழைகளைச் சீராகக் கத்தரிக்கிற ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அது தோன்றியது. உருளையில் சுற்றும் அலகும் அசையாத அடி அலகும் சேர்ந்து புல்லைக் கத்தரிக்கிற அந்த வகை இன்றும் மைதானங்களில் இருக்கிறது. வீடுகளில் உள்ள பெற்றோல் அல்லது மின்சார மெசினில் ஒரே அலகு கிடையாகச் சுற்றி, வேகத்தால் அடித்து வெட்டுகிறது. தோளில் மாட்டுகிற மெசினில் நைலோன் நூல் அதே வேலையைச் செய்கிறது.

அடித்து வெட்டுகிற வகையில் அலகு மழுங்கினால் இலை கிழியும். வெட்டிய அடுத்த நாள் ஒரு இலையைக் கிள்ளி எடுத்து நுனியைப் பாருங்கள். ஒரே கோடாக இருந்தால் அலகு நல்லது. நார் நாராகப் பிய்ந்து வெளிறியிருந்தால் அலகைச் சாணை பிடிக்க வேண்டும். கிழிந்த நுனியால் நீர் கூடப் போகும், நோயும் இலகுவாக ஏறும். முழுத் தரையும் தூரத்தில் சாம்பல் பூத்ததுபோலத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான், உரக்குறையால் இல்லை. அலகைத் தொடுவதற்கு முன் பெற்றோல் மெசினில் பிளக் வயரைக் கழற்றுங்கள், மின்சார மெசின் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். தீட்டிய பின் நடுத் துளையை ஆணியில் மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் சரியக் கூடாது. சரிந்தால் அந்தப் பக்கம் பாரம் கூட, இன்னும் கொஞ்சம் அரத்தால் எடுக்க வேண்டும்.

உயரத்தைச் சரிபார்க்க, மெசினைச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, நிலத்திலிருந்து அலகு வரை அளந்துவிடுங்கள். மெசினில் போட்டிருக்கிற இலக்கம் அங்குலமாக இருக்க வேண்டும் என்றில்லை. தோள் மெசினில் உயரம் முழுக்கப் பிடிக்கிறவரின் கையில்தான். பட்டியை அவருடைய உயரத்துக்கு இறுக்கி, தலைப்பகுதி நிலத்தில் படாமல் மிதக்க வைத்தால் ஓரளவு சீராக வரும். “ரெண்டு அங்குலம் நிக்கட்டும் தம்பி, மண் தெரியாமல் வெட்டுங்கோ” என்று வேலை தொடங்க முதலே சொல்லிவிடுங்கள், ஒரு மூலையை வெட்டிக் காட்டவும் கேளுங்கள். எங்கள் வளவுகளில் சுண்ணாம்புக்கல் துண்டு இல்லாத இடமில்லை. மண்ணைத் தொட்டுச் சுற்றும் நூல் அதைத் தெறிக்க வைக்கும். கண்ணாடியும் சப்பாத்தும் இல்லாமல் வெட்ட விடக் கூடாது, பிள்ளைகள் வெளியே நிற்கவும் கூடாது.

இளம் மாங்கன்றுக்கும் எலுமிச்சைக்கும் கிட்ட அந்த நூல் போகவே கூடாது. பட்டையைச் சுற்றி ஒரு வளையமாக உரித்துவிட்டால், இலையில் செய்த சாப்பாடு வேருக்கு இறங்குகிற வழி அறுந்து மரமே சாகும். கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்குப் புல்லைக் கையால் பிடுங்கிவிடுவது நல்லது. ஒவ்வொரு தடவையும் வெட்டுகிற திசையை மாற்றுங்கள். ஒரே தடத்தில் சில்லு ஓடினால் மண் இறுகும், புல்லும் ஒரு பக்கமாகவே சாயப் பழகும்.

வெட்டிய துணுக்குகளை என்ன செய்வது?

அங்கேயே விடுங்கள். மூன்றில் ஒரு பங்குக் கணக்கில் வெட்டினால் துணுக்கு சின்னதாக இருக்கும், இலைகளுக்கிடையில் விழுந்து சில நாட்களில் உக்கிவிடும். ஈரத் துணுக்கில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். மிச்சத்தில் நைதரசன் இருக்கிறது, புல்லின் ஆண்டுத் தேவையில் ஏறத்தாழக் கால்பங்கு வரை இதிலிருந்தே திரும்பலாம். யூரியாவைக் குறைக்க இதைவிட இலகுவான வழி இல்லை. யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பது நெடுநாளாக அறியப்பட்ட விஷயம். மழையோடு கரைந்த உரம் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் நேரே இறங்கி, நாங்கள் குடிக்கிற தண்ணீருக்கே போகிறது. அழகுக்கு வளர்க்கிற புல்லுக்காக அதைக் கூட்ட வேண்டாம்.

துணுக்கை விட்டால் செத்தை பிடிக்கும் என்று ஒரு பயம் உண்டு. மண்ணுக்கும் பச்சை இலைக்கும் நடுவில் சேர்கிற, உக்காத பழைய தண்டும் வேரும் கலந்த படையைத்தான் செத்தை என்கிறேன். மெல்லிய இலை அதில் பெரிய பங்கு எடுப்பதில்லை, அது விரைவில் உக்கும். நீளமாக வளர்ந்ததை வெட்டிக் கட்டியாக விழுந்தால் மட்டும் வாரி எடுத்து, வாழைக்கு அடியில் போடுங்கள். மதில் மூலையில் குவித்து வைக்க வேண்டாம். பாம்புக்குப் பயந்து ஒட்ட வெட்டிவிட்டு, எலியும் பாம்பும் ஒதுங்குகிற குவியலை நாங்களே கட்டி வைப்பதில் அர்த்தமில்லை.

ஏற்கெனவே மொட்டையாகிவிட்ட தரை

முதலில் வெட்டுவதை நிறுத்துங்கள். உடனே யூரியா போடாதீர்கள். வேர் சோர்ந்திருக்கும்போது நைதரசன் கொடுத்தால் இலை மட்டும் தள்ளும், சேமிப்பு இன்னும் கரையும். தண்ணீரைத் தினமும் தெளிக்காமல், சில நாள் இடைவெளியில் ஆழமாக ஊற்றுங்கள். மூன்று அங்குலம் வரும்வரை மெசின் வேண்டாம், வந்ததும் இரண்டுக்கு வெட்டித் தொடங்கலாம். இடையில் வருகிற நெருஞ்சியைக் காய் பிடிக்க முதல் கையால் பிடுங்கிவிட வேண்டும். கோரையைக் கிழங்கோடு கெல்லி எடுக்க வேண்டும், அறுத்துப் பயனில்லை.

திட்டுத் திட்டாக வெறும் மண் இருந்தால் ஐப்பசி மழை வரைக்கும் பொறுங்கள். முதல் மழையில் மண் இளகியதும் மண் கிளறுகிற முள்ளுக் கருவியால் லேசாகக் கிளறி, நன்றாக இருக்கிற பக்கத்திலிருந்து இரண்டு மூன்று கணுவோடு அறுகுத் தண்டுகளை வெட்டி வந்து, ஒரு சாண் இடைவெளியில் கணு மண்ணுக்குள் போகப் பதித்து, காலால் மெல்ல அமத்திவிடுங்கள். மேலே கொஞ்சம் பச்சை வெளியே தெரிய வேண்டும். மிச்ச வேலையை மாரி பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் தண்டுகள் ஒன்றோடொன்று முட்டும்வரை மெசினைச் சுற்றி எடுத்துப் போங்கள்.